வயிற்றுத் தசையில் ஒரு பதியன்

எல்லோருக்கும் வணக்கம். “கேன்சரைத்தான் எடுத்தாச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு பிளாஸ்டிக் சர்ஜரி?” நோயாளியின் வீட்டார் இப்படிக் கேட்கும்போது எனக்கு மனம் கனக்கும். அழகுக்குச் செய்வது என்ற எண்ணம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

மலக்குடலின் அடியில் வந்த புற்றுநோய், கதிர்வீச்சு கொடுத்தும் திரும்பி வந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் போன்றவற்றில் சிலருக்கு அடிவயிற்று உறுப்புகளை மொத்தமாகவே எடுக்க வேண்டி வரும். நியூயார்க்கில் அலெக்சாண்டர் பிரன்ஷ்விக் என்ற அறுவை மருத்துவர் இந்த அறுவையை 22 பேருக்குச் செய்து 1948-இல் எழுதினார். அவர்களில் 5 பேர் அறுவையை ஒட்டியே இறந்துபோனார்கள். இன்று எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் எடுத்த இடத்தில் விழும் பள்ளம் மாறவில்லை.

அந்தப் பள்ளத்தைச் சுற்றி இருப்பது எலும்பு. சதை என்றால் அமுங்கி ஒட்டிக்கொள்ளும், எலும்பு அமுங்குமா? உள்ளே நீர் கோத்துச் சீழ் பிடிக்கும். சிறுகுடல் சரிந்து இறங்கி ஒட்டிக்கொண்டால் அடைப்பு வரும். கதிர்வீச்சு பட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெட்டிருப்பதால் தையல் போட்ட இடமும் எளிதில் ஒட்டாது. மாதக்கணக்கில் ஆறாத புண்ணோடு, உட்காரவும் முடியாமல் தவிக்கிறவர்கள் உண்டு.

அங்கே புது ரத்தத்தோடு சதை வர வேண்டும். பதியன் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கிளையை வெட்டாமல் வளைத்து மண்ணில் புதைப்போம். தாய்ச்செடியின் சாறு ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரியும் அப்படித்தான். தொப்புளின் பக்கவாட்டில் விலாவிலிருந்து இடுப்பு வரை ஓடும் தசையை, மேலே உள்ள தோலோடு சேர்த்து மேல்முனையில் மட்டும் அறுப்பார்கள். கீழிருந்து வரும் ரத்தக்குழாயை விட்டுவைத்து, வயிற்றுக்குள் வழியாகவே பள்ளத்தில் இறக்குவார்கள். பதியனில் வேர் பிடித்ததும் தாய்க்கிளையை வெட்டுவோம்; இங்கே அந்த இணைப்பை வெட்டுவதே இல்லை. வயிற்றுத் தசையைத் தொட முடியாதவர்களுக்கு உள்தொடையிலிருந்தோ பிட்டத்திலிருந்தோ எடுப்பதும் உண்டு.

சரி, இதற்கு விலை இல்லையா? இருக்கிறது. வயிற்றுச் சுவர் தளர்ந்து குடலிறக்கம் வரலாம். முதல் சில நாள் செவிலியர் அடிக்கடி வந்து, இடம் மாற்றிய தோலின் நிறம் பார்ப்பார். வெளுத்தால் ரத்தம் வரவில்லை. நீலம் பாய்ந்து வீங்கினால் வந்த ரத்தம் திரும்பவில்லை. உடனே மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். கொஞ்ச காலம் அந்த இடத்தில் அழுத்தி உட்காரக் கூடாது. ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் முன்பே விட்டுவிடுங்கள். அது ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிறப்புறுப்பின் சுவரை எடுக்க நேர்ந்தால், இதே தோலைக் கொண்டு அதைத் திரும்ப அமைக்க முடியும். கணவன் மனைவி உறவு பற்றிக் கேட்க நம் பெண்கள் கூசுகிறார்கள். கேட்காததால் மருத்துவர்களும் சில நேரம் பேசாமல் விட்டுவிடுகிறோம். எவ்வளவு தோல் எடுப்பது, மலம் சேர வயிற்றில் ஒட்டும் பை எந்தப் பக்கம் வருவது எல்லாவற்றையும் அறுவைக்கு முன்பே உங்கள் வயிற்றில் பேனாவால் குறித்துவிடுவார்கள். அந்தக் கோடு விழுவதற்கு முன்பே கேளுங்கள், அம்மா.