"வழக்கம்போல்" என்றால் யாருடைய வழக்கம்?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "இரண்டு வாரத்தில் எங்கள் புராஜெக்ட் வேறு டீமுக்குக் கைமாறுகிறது. டாக்குமெண்டேஷன் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வேர்டில் எழுதுவதா, கான்ஃபுளுயன்ஸிலா, மார்க்டவுனிலா?" (கான்ஃபுளுயன்ஸ் என்பது டீமாகச் சேர்ந்து ஆவணம் எழுதும் வெப்சைட் மாதிரி; மார்க்டவுன் என்பது தலைப்பு, பட்டியலையெல்லாம் எளிய குறிகளால் காட்டும் சாதாரண டெக்ஸ்ட்.)

படித்ததிலிருந்து இது என்னைக் குடைகிறது. எதில் எழுதுவது என்று கேட்கிறார். யாருக்கு எழுதுவது என்று கேட்கவில்லையே! நம் வீடியோக்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் ராத்திரி 2 மணிக் கதை தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை சொல்கிறேன்.

ஒரு பேமெண்ட் சிஸ்டத்துக்கு நான் நைட் சப்போர்ட். சர்வர் விழுந்துவிட்டது. கையில் 40 பக்க ஆவணம். முதல் 6 பக்கம் புராஜெக்டின் நோக்கம், யார் யார் ஒப்புதல் தந்தார்கள் என்ற அட்டவணை. ரீஸ்டார்ட் செய்வது எப்படி என்று தேடினால் 37ஆம் பக்கத்தில் ஒரே வரி: "வழக்கம்போல் சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்யவும்." யாருடைய வழக்கம்? எழுதியவர் வேலையை விட்டுப்போய் எட்டு மாதம். நானாக அப்ளிகேஷனை முதலில் ஏற்றினேன். எர்ரர் எதுவும் இல்லை, ஆனால் ஒரு பரிவர்த்தனைகூட நகரவில்லை. கடைசியில் அவரையே போனில் எழுப்பினேன். "க்யூவை முதல்ல ஏத்தணும்பா, எல்லாருக்கும் தெரியுமே" என்றார் தூக்கக் கலக்கத்தில். க்யூ என்றால் பரிவர்த்தனைகள் வரிசையில் காத்திருக்கும் சர்வீஸ். எல்லாருக்கும்!

ஒரு நூலில் இருக்கக் கூடாதவை என்று நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'சென்று தேய்ந்து இறுதல்' என்று ஒன்று உண்டு. ஆரம்பத்தில் தடபுடல், போகப்போக ஒன்றுமில்லை. அந்த 40 பக்கத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது முழுசாக விளங்கியது. (நான் இப்போது செய்வது 'மற்றொன்று விரித்தல்', அதாவது சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரித்துச் சொல்வது. அதுவும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.)

1971 நவம்பரில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் கொண்டுவந்த, யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் முதல் கையேட்டைப் பாருங்கள். 'பக்ஸ்' (குறைகள்) என்று தனித் தலைப்பே உண்டு. இந்தக் கட்டளை எங்கே சொதப்பும் என்பதை எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். 'ஓனர்' என்று இன்னொரு தலைப்பு. அதாவது, யாரைப் போய்க் கேட்க வேண்டும் என்பது. என் ராத்திரிக்கு இந்த இரண்டு தலைப்பும் போதுமாயிருந்திருக்கும். நான் ஒரு முறை 'தெரிந்த குறைகள்' என்று எழுதிக் கொடுத்தேன்; கிளையண்ட் பயந்துவிடுவார் என்று மேனேஜர் அழித்துவிட்டார்.

சரி, இரண்டு வாரம்தானே இருக்கிறது. டீமில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் உங்கள் டிராஃப்டை மட்டும் கொடுத்து, புது மெஷினில் இன்ஸ்டால் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் எங்கெல்லாம் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கெல்லாம் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

அப்புறம், எதில் எழுதுவது என்று கேட்டீர்கள் அல்லவா? மார்க்டவுன். கோடும் அதன் மாற்றங்களும் சேமித்திருக்கும் அதே கிட் ரெப்போவில் வையுங்கள். கோடை மாற்றுபவர் அதே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கையில்) ஆவணத்தையும் திருத்தட்டும். கிளையண்டுக்கு வேர்டுதான் வேண்டுமென்றால் பாண்டாக் என்ற ஃபார்மட் மாற்றும் மென்பொருளில் ஒரே கட்டளை.