காசு கட்டாதவர் தலையில் விழும் வரிசை

(ஃபுளோரிடாவில் ஒரு பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: தீம் பார்க்கில் ரைடு முன்பதிவும் கைப்பட்டையும் வருகிறவர்களுக்கு வசதியா, சுமையா? ‘சுமையே’ அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி கைப்பட்டையின் பெருமையை அழகாகச் சொன்னார். பட்டையைக் காட்டினால் ஓட்டல் அறை திறக்கிறது, பார்க் கேட் திறக்கிறது, சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிடலாம், ரைடில் எடுத்த போட்டோ தானாக நம் கணக்கில் வந்து சேர்கிறது. வெயிலில் வரிசையில் நிற்க வேண்டிய நேரத்தில் நிழலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்றார். அறைக் கதவு விஷயத்தில் எனக்கு வழக்கு இல்லை. தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பையைத் துழாவாமல் கதவைத் திறக்க முடிவது நல்லதுதான். அதை அவர்கள் கணக்கிலேயே வைத்துக்கொள்ளட்டும். நான் கேட்பது ஒன்றுதான். நிழலில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் நிற்க வேண்டிய வரிசை எங்கே போனது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரைடு மணிக்கு 1,500 பேரை ஏற்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வண்டி ஓடுகிறது, வண்டிக்கு எத்தனை இருக்கை, எத்தனை நொடிக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்பதுதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது. போனில் முன்பதிவு ஆப் வந்ததால் ஒரு இருக்கைகூடக் கூடுவதில்லை. அந்த 1,500 இடத்தில் 1,000 இடத்தை முன்பதிவுக்காரர்களுக்கு ஒதுக்கினால், சும்மா வந்து நிற்பவர்களுக்கு மிஞ்சுவது 500. எனக்கு முன்னால் 500 பேர் நிற்கிறார்கள். முன்பதிவே இல்லாவிட்டால் இருபது நிமிஷத்தில் என் முறை வந்துவிடும். இப்போது ஒரு மணி நேரம். அதிகமாக நான் நின்ற நாற்பது நிமிஷம் யாருடையது? நிழலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டவருடையது. அவருக்கும் சேர்த்து நான் நின்றிருக்கிறேன்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஆர்லாண்டோவின் டிஸ்னி வேர்ல்டில் எந்தப் பெரிய ரைடுக்கும் போய், இரண்டு வரிசையும் சேருகிற இடத்தில் நின்று பாருங்கள். அங்கே ஒரு ஊழியர் நிற்பார். வலது பக்கம் முன்பதிவுக்காரர்களின் லைட்னிங் லேன், இடது பக்கம் ஸ்டாண்ட்பை என்கிற சாதா வரிசை என்று வைத்துக்கொள்வோம். வலது பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இடது பக்கம் பார்த்து அவர் உள்ளங்கையைக் காட்டுவார், நில்லுங்கள் என்று. அந்தப் பக்கம் கொஞ்சம் காலியானதும் நம் பக்கத்தில் நாலைந்து பேரை விடுவார். மறுபடி கை. முதல் ஆளாக அங்கே போய் நிற்கிற அப்பா, தான் ஒரு மணி நேரமாகப் பார்க்காத முகங்கள் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்க்கிறார். நுழைவுக் கட்டணம் அவரும்தான் கட்டியிருக்கிறார். அவர் பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவார்?

‘ஆரம்பத்தில் இருந்தே இப்படித்தானே’ என்று எதிரணி சொல்லலாம். இல்லை. டிஸ்னி 1999இல் ஃபாஸ்ட்பாஸைக் கொண்டுவந்தபோது அது இலவசம். ரைடு வாசலில் ஒரு இயந்திரம். நுழைவுச் சீட்டை அதில் செருகினால், ‘இந்த மணியிலிருந்து இந்த மணிக்குள் வா’ என்று ஒரு துண்டுச் சீட்டு வரும். எங்கே தங்கியிருக்கிறாய், எத்தனை நாள் முன்னால் திட்டம் போட்டாய், எந்த போன் வைத்திருக்கிறாய் என்று அது கேட்காது. சீக்கிரம் எழுந்து சுறுசுறுப்பாக நடந்தவருக்குக் கிடைத்தது. அப்போதும் சாதா வரிசை மெதுவானது உண்மைதான். ஆனால் எவர் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நியாயம் அதில் இருந்தது.

அப்புறம் 2013இல் மேஜிக்பேண்ட் என்ற டிஸ்னியின் கைப்பட்டை வந்தது. அந்தத் திட்டம் மொத்தத்துக்கும் சுமார் நூறு கோடி டாலர் ஆனதாக அப்போது செய்திகள் வந்தன. அதோடு வந்த ஃபாஸ்ட்பாஸ் பிளஸில் டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்கள் 60 நாள் முன்னாலும் மற்றவர்கள் 30 நாள் முன்னாலும் ரைடைப் பதிவு செய்யலாம் என்று ஆனது. விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்னாலேயே, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எந்த ரைடில் என் மகன் சிரிக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தாக வேண்டும்! அதுவாவது இலவசமாக இருந்தது. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்ற காசு கட்டும் முன்பதிவு வந்தது, ஃபுளோரிடாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலர். ஆறு பேர் போனால் 90 டாலர். முன்பு காசில்லாமல் கிடைத்த அதே வேலைக்கு. பெரிய ரைடுகள் சிலவற்றுக்குத் தனிக் காசு. அதே 2021 தொடக்கத்தில் ஓட்டல் விருந்தினர்களுக்குக் கைப்பட்டையைச் சும்மா கொடுப்பதையும் நிறுத்தினார்கள். அடுத்து வந்த மேஜிக்பேண்ட் பிளஸுக்கு போன் மாதிரி சார்ஜும் போட வேண்டும். 2024 அக்டோபரில், நேரம் குறிக்காமலே லைட்னிங் லேனில் நுழையவிடும் பிரீமியர் பாஸ் வந்தது. கூட்டம் அதிகமான நாளில் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பார்க்குக்கு ஒருவருக்கு 449 டாலர் வரை என்று அப்போது அறிவித்தார்கள். நுழைவுச் சீட்டு அதில் சேராது.

சகோதரி சொன்ன அந்த நிழலின் விலை, நடுவர் அவர்களே, இப்படித்தான் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

சரி, காசை விடுங்கள். இந்த அரங்கில் இருக்கும் பல குடும்பங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள். ஆர்லாண்டோ கூட்டிப்போகாமல் அனுப்ப மனசு வராது. பக்கத்து ஊரான கிசிமியில் ஒரு வாடகை வீடு எடுக்கிறோம், ஏனென்றால் அப்பாவுக்கு ராத்திரி ஒரு வாய் ரசம் சாதம் வேண்டும். டிஸ்னி ஓட்டலில் தங்காததால் முன்பதிவில் நாம் இரண்டாம் தட்டு. 2024இல் மாற்றிய விதிப்படி அந்த ஓட்டலில் தங்குபவர்களுக்கு ஏழு நாள் முன்னால் திறக்கிற கதவு நமக்கு மூன்று நாள் முன்னால்தான் திறக்கிறது. அதனால் விடிந்தும் விடியாமல் ஒருவர் போனை வைத்துக்கொண்டு சமையலறையில் நிற்கிறார். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது, தயிர் சாதம் கட்ட வேண்டும். மணி ஏழு ஆனதும் விரல் ஓட வேண்டும். ஆறு பேரையும் ஒரே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். பெரும்பாலான பார்க்குகளில் ரைடுகளையும் இரண்டு பிரிவாக்கி வைத்திருக்கிறார்கள்; முதல் பிரிவில் ஒன்று, இரண்டாம் பிரிவில் இரண்டு என்றுதான் எடுக்க முடியும். மாமனாருக்கு முழங்கால் வலி, பாப்பாவுக்கு உயரம் போதாது, இரண்டையும் பார்த்து நேரம் போட வேண்டும். பெரும்பாலும் அந்த வேலை வீட்டில் ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகிறது. பார்க்குக்குள் போனபிறகும் அவர் தலை குனிந்தே இருக்கிறது. கோட்டைக்குப் பின்னால் வாணவேடிக்கை நடக்கும்போதும் நாளைக்கு எந்த ரைடு என்று ஆப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மத்தியானத்துக்குள் போன் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. அதற்கும் பவர் பேங்க் விற்கும் இயந்திரங்கள் பார்க்குக்குள்ளேயே நிற்கின்றன. விடுமுறைக்கு வந்த ஆறு பேரில் ஒருவருக்கு விடுமுறையே கிடையாது.

எதிரணிக்கு ஒரு வலுவான சாட்சி இருக்கிறது, நான் மறைக்க மாட்டேன். ஆர்லாண்டோவிலேயே இருக்கும் யூனிவர்சல் நிறுவனத்தின் வால்கேனோ பே. அது வாட்டர் பார்க். அங்கே போன் லாக்கரில், காலில் செருப்புகூட இல்லை. கையில் கட்டிய பட்டைதான் ஒரே துணை. 2017 மே மாதம் திறந்தபோது வரிசையே இல்லாத பார்க் என்றுதான் சொன்னார்கள். அப்போது சறுக்கு வாசலில் ஒரு தூண் இருந்தது. டாப்புடாப்பு என்ற அந்தப் பட்டையை அதில் தொட்டால் உங்கள் இடம் பதிவாகிவிடும். நேரம் வந்ததும் பட்டையே கூப்பிடும். அதுவரை குளத்தில் மிதக்கலாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நடந்தது என்ன? ஒரு நேரத்தில் ஒரு சறுக்குக்குத்தான் இடம் பிடிக்க முடிந்தது. கூட்டமான நாளில் பட்டை மூன்று மணி நேரம் கழித்து வா என்றது. திறந்த முதல் கோடையிலேயே வந்தவர்கள் பொருமித் தள்ளினார்கள். காலுக்குக் கீழே தரை திறந்துகொள்ளும் அந்தப் பெரிய சறுக்குக்கு இடம் போட்டுவிட்டால், கையில் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற சறுக்குகளை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். கூப்பிட்ட நேரத்துக்குப் போனால், படிக்கட்டில் இன்னொரு வரிசை. நிஜ வரிசையில் நின்றால் முன்னால் எத்தனை பேர் என்று தெரியும், நகர்வது தெரியும், நீளம் பிடிக்காவிட்டால் வேறு பக்கம் போகலாம். பட்டைக்குள் இருக்கிற வரிசையை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அது சொன்னதுதான் நேரம்.

நம் எதிரணித் தலைவர் இன்னொரு வாதம் வைத்தார். ‘திருமலையில் 300 ரூபாய் சிறப்பு தரிசனம் இல்லையா, அதை ஏற்றுக்கொண்ட நமக்கு இதில் என்ன கோபம்?’ என்றார். திருமலையில் இலவச தரிசனத்துக்கு வருபவரை வளாகத்துக்குள் உட்காரவைத்து, பாலும் சாப்பாடும் கொடுக்கிறார்கள். உள்ளே போக அவரிடம் காசும் வாங்கவில்லை. பார்க்கில் வாசலிலேயே நூறு டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு, உள்ளே போனபின் மறுபடி ‘நீ சாதா, நீ சிறப்பு’ என்று பிரிக்கிறார்கள். இந்த ஒப்பீடு எங்கள் கட்சிக்குத்தான் உதவுகிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த முறை தேவை என்றார்கள். தேவைதான், அதை யார் மறுத்தார்கள்? நிற்க முடியாத குழந்தைக்கு வேறு வழி திறப்பது கடமை, அதற்கு விலை போடக் கூடாது. ஆனால் 2024ஐப் பாருங்கள். அந்த வருஷம் மே மாதம் ஃபுளோரிடாவில் டிஸ்னி மாற்றுத்திறனாளிச் சலுகையின் விதிகளை இறுக்கியது. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கே பெரும்பாலும் என்று சுருக்கியது. முன்பு அதை நம்பி வந்த வேறு நோயாளிகள் பலர் வெளியே நின்றார்கள். அதே வருஷம் அக்டோபரில்தான் அந்த 449 டாலர் பாஸும் வந்தது. சலுகை பெற்றவர்களும் லைட்னிங் லேன் வழியாகத்தான் போகிறார்கள்; அங்கே இடம் போதவில்லை என்றால் முதலில் யாரை நகர்த்தியிருக்க வேண்டும்? இதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

கைப்பட்டை நம்மைக் கவனிக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேஜிக்பேண்டில் தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய ஒரு சின்ன ரேடியோவும் இருக்கிறது. போட்டோ தானாக வந்து சேருவது அதனால்தான். குழந்தைகள் பற்றிய விவரம் எப்படிப் பயன்படுத்தப்படும் என்று கேட்டு எட் மார்க்கி 2013இலேயே டிஸ்னி தலைவருக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். அந்தக் கேள்வி இன்னும் பழசாகவில்லை.

‘அப்படியானால் எல்லோரும் வெயிலில் நிற்பதுதான் உங்கள் தீர்வா?’ என்று எதிரணியிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. ஐயா, டோக்கியோவில் இருக்கும் டிஸ்னி பார்க்கைப் பாருங்கள். அங்கேயும் பழைய ஃபாஸ்ட்பாஸ் போய் 2022இல் காசு கட்டும் பிரீமியர் ஆக்சஸ் வந்தது. ஆனால் 2023 ஜூலையில், 40ஆவது ஆண்டை ஒட்டி, சில ரைடுகளுக்கு இலவச பிரையாரிட்டி பாஸையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். பார்க்குக்குள் வந்த பிறகுதான் அதை எடுக்க முடிந்தது. டிஸ்னி பெயர் வைத்த பார்க்கிலேயே அதைச் செய்ய முடிந்திருக்கிறது. வரிசைக்கு மேலே கூரை போடுங்கள், மின்விசிறி வையுங்கள், பெரியவர் உட்கார இடம் கொடுங்கள். தனி ஆளாக வருகிறவரைக் காலி இருக்கையில் ஏற்றும் சிங்கிள் ரைடர் வரிசையை இன்னும் நாலு ரைடுக்குத் திறங்கள். காலியாகப் போகிற இருக்கை நிரம்பும், யாருடைய முறையும் பின்னால் போகாது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வியை விட்டுவிட்டு உட்காருகிறேன். ஸ்டாண்ட்பை வாசலில் ‘காத்திருக்கும் நேரம் 75 நிமிடம்’ என்று பலகை வைக்கிறார்கள். அதே பலகையில், இந்த மணி நேரத்து இருக்கைகளில் எத்தனை இருக்கை ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது என்பதையும் எழுத வேண்டும் என்று கேட்டால், அதை அவர் ஆதரிப்பாரா? ஆம் அல்லது இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு வசதியைப் பற்றிப் பேசட்டும்.

நன்றி, வணக்கம்.