கள்ளுக்கடைக்கு எதிராக எழுதியவர் வந்தியத்தேவனைக் குதிரை ஏற்றினார்! கல்கியும் நம்ம சேலமும்

(திரையில்: திருச்செங்கோடு மலை, கீழே புதுப்பாளையம் போகும் சாலை)

'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கி, அந்தக் கதையைத் தொடங்குவதற்கு இருபது வருஷம் முன்பு நம்ம சேலம் ஜில்லாவில் ஒரு கிராமத்தில் குடியிருந்தார். அங்கே அவர் எழுதியது சோழர் கதை இல்லை. கள் குடிக்காதீர்கள் என்று ஊருக்குப் புத்தி சொல்லி எழுதிக்கொண்டிருந்தார்! இன்றைக்கும் நாம் ராத்திரி தூக்கத்தை விட்டுவிட்டு அந்தக் கதையின் நாயகன் வந்தியத்தேவன் பின்னால் ஓடுகிறோமே, அதற்கும் அந்த வேலைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன், கடைசி வரைக்கும் பாருங்கள்.

வணக்கம் நண்பர்களே. வாழ்க்கை வரலாற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கல்கியின் நிஜப் பெயர் ரா. கிருஷ்ணமூர்த்தி, 1899இல் மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தவர். காந்தியின் பேச்சைக் கேட்டுப் பள்ளிப்படிப்பை விட்டார், சிறைக்குப் போனார், திரு.வி.க.வின் 'நவசக்தி' பத்திரிகையில் வேலை பார்த்தார், பிறகு 'ஆனந்த விகடன்', 1941இல் சொந்தமாக 'கல்கி' பத்திரிகை. அவ்வளவு போதும். நமக்கு வேண்டியது நவசக்திக்கும் விகடனுக்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச காலம்.

சேலத்தில் வக்கீலாக இருந்தவர், சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. அவர் 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். இன்றைக்கு அது நாமக்கல் மாவட்டம்; 1997இல் பிரிக்கும்வரை சேலம்தான். அந்த ஆசிரமத்துக்குத்தான் கல்கி வந்து சேர்ந்தார். மதுவிலக்குக்கென்றே ராஜாஜி நடத்திய 'விமோசனம்' பத்திரிகையில் அவருக்குத் துணையாக வேலை பார்த்தார். பின்னாளில், 1937இல், ராஜாஜி ஆட்சிக்கு வந்ததும் சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்த இடமும் சேலம் ஜில்லாதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கள்ளுக்கடைக்கு எதிரான பத்திரிகை யாருக்காக? பொழுது சாயும்போது கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு கடைப்பக்கம் திரும்புகிறவருக்காக. அன்றைக்கு அவர்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. யாராவது உரக்கப் படித்துக் காட்டினால்தான் உண்டு. அவரிடம் பண்டிதத் தமிழில் நீதி சொன்னால் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். அவரை உட்கார வைக்க வேண்டுமானால் வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும், அடுத்து என்ன என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கல்கியின் தமிழ் காதுக்காக எழுதிய தமிழ். அந்தப் பழக்கம் புதுப்பாளையத்தில் உரமேறியது என்பது என் கணிப்பு.

நம்பிக்கை இல்லை என்றால் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். அவருடைய சரித்திர நாவல் எதையாவது எடுத்து, எந்தப் பக்கத்தையாவது திறந்து வாய்விட்டுப் படியுங்கள். எங்கேயும் மூச்சு முட்டாது. நம்ம பார்வையாளர் ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். கை பாட்டுக்குச் சங்கிலி கோத்துக்கொண்டிருக்கும், காதில் பொன்னியின் செல்வன் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து பாகமும் கேட்டு முடித்துவிட்டாராம். ஒரு பக்கம்கூட அச்சில் பார்த்ததில்லை! வந்தியத்தேவன் மாட்டிக்கொள்ளும் இடம் வந்தால் மட்டும் கை நின்றுவிடும் என்று சொன்னார். இந்த நாவலுக்கு இதைவிடப் பெரிய விருது எனக்குத் தெரியவில்லை.

(திரையில்: மேட்டூர், ஆடிப் பதினெட்டுக் கூட்டம்)

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

பொன்னியின் செல்வன் எந்த நாளில் தொடங்குகிறது? ஆடிப் பதினெட்டு. எழுதிய 1950இலிருந்து 982 வருஷம் பின்னால் நம்மைக் கூட்டிக்கொண்டு போய், வீரநாராயண ஏரிக்கரையில் இறக்கிவிடுகிறார் கல்கி. இன்றைய வீராணம் ஏரி. ஏரியின் எழுபத்து நான்கு கணவாய் வழியாகவும், அதாவது மதகு வழியாகவும், தண்ணீர் பாய்கிறது. வண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்திருக்கிறார்கள். கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் கமுகு மட்டையில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சாப்பிட்ட மட்டையைக் கணவாய்ப் பக்கம் எறிகிறார்கள். அது தண்ணீரோடு அந்தப் பக்கம் அடித்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்துக் கைதட்டிச் சிரிக்கிறார்கள். இன்னும் ராஜா வரவில்லை, சதி வரவில்லை. முதல் அத்தியாயத்திலேயே எச்சில் மட்டையை வைத்து ஒரு விளையாட்டு! இந்த மட்டை எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? எதிலும் இல்லை. ஆனால் இதைப் படித்த நிமிஷத்தில் சோழ நாடு நமக்குத் தெரிந்த ஊர் ஆகிவிடுகிறது.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது அவர்கள் ஊர்க் கதை. நம்ம சேலத்துக்காரர்களுக்கு என்ன உரிமை என்று கேட்பவர்கள் உண்டு. உரிமை இருக்கிறது! ஆடி முதல் தேதி அழிஞ்சிக் குச்சியில் தேங்காய் சொருகிச் சுட்டுத் தின்று பண்டிகையைத் தொடங்குகிற ஊர் நம்முடையது. பதினெட்டாம் தேதி பாதி ஜனம் மேட்டூரில்தான் நிற்கும். காவிரியில் தலை முழுகி, அணைக்கட்டு முனியப்பனுக்குப் பொங்கல் வைத்து, புதுப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு, கட்டுச்சோற்றைப் பிரித்து உட்காருவார்கள். கல்கியின் ஏரிக்கரையில் வண்டிமாட்டுக்குப் பதில் ஆம்னி வேனை நிறுத்திவிட்டால் போதும், அதே காட்சிதான்.

தண்ணீரும் ஒன்றுதான், அதையும் பாருங்கள். வீரநாராயண ஏரி எதற்காக வெட்டப்பட்டது? வடகாவிரி என்கிற கொள்ளிடத்து வெள்ளம் வீணாகக் கடலுக்குப் போகக் கூடாது என்று இளவரசர் ராஜாதித்தர் வெட்டியதாகக் கல்கி சொல்கிறார். அந்தக் கொள்ளிடத்துக்கு வெள்ளம் எங்கிருந்து வருகிறது? குடகில் பெய்த மழை ஒகேனக்கல்லில் குதித்து, நம்ம மேட்டூர் மலை இடுக்கில் நுழைந்து, பவானி கூடுதுறை, கொடுமுடி தாண்டி, முக்கொம்பில் பிரிந்துதான் அங்கே போக வேண்டும். அணை வந்ததே 1934இல். அதற்கு முன்பு தடுப்பார் இல்லை. ஆக, வந்தியத்தேவன் குதிரையை நிறுத்தி வாய் பிளந்து பார்த்த புது வெள்ளம், அவன் பார்ப்பதற்குச் சில நாள் முன்பு நம்ம ஊர் வழியாகப் போன வெள்ளம்!

இன்னும் ஒன்று. மேட்டூர் அணைக்காக ஊர்களைக் காலி செய்தபோது கோயிலும் தேவாலயமும் தண்ணீருக்குள் போயின. நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருஷங்களில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும், தேவாலயக் கோபுரமும் தெரியும். கால வெள்ளம் என்று கல்கி எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நந்திதான் ஞாபகம் வரும். போகாதவர்கள் ஒரு கோடைக்குப் போய்ப் பாருங்கள்.

அப்புறம், கதையில் எது நிஜம் எது கற்பனை என்ற பெரிய விவாதம். சுருக்கமாகச் சொல்கிறேன். வந்தியத்தேவன் நிஜம், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ராஜராஜ சோழனின் அக்கா குந்தவையை அவருடைய தேவி என்றே சொல்கிறது. கதையில் சதிகாரனாக வரும் ரவிதாசனும் நிஜம், சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் பட்டியலில் உடையார்குடிக் கல்வெட்டில் அவன் பெயர் இருக்கிறது. கதையில் வரும் நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் கல்கியின் கற்பனை. இதில் எனக்கு வியப்பு எங்கே என்றால், கொலையாளிகளின் பெயர் கல்வெட்டிலேயே இருந்தும், அந்த இருட்டு அறையில் கத்தி யார் கையிலிருந்து பாய்ந்தது என்பதைக் கல்கி நம்மிடமே விட்டுவிட்டார். எழுபது வருஷமாக வீட்டுக்கு வீடு இந்த வழக்கு நடக்கிறது.

குறையே இல்லையா? இருக்கிறது. தற்செயலாக ஒட்டுக்கேட்கும் இடங்கள் அதிகம். ஓட்டத்துக்கு நடுவில் திடீரென்று சரித்திரப் பாடம் நடத்துவார். முதல் தடவை அந்தப் பக்கங்களை எல்லோரும் தாண்டித்தான் போவோம். இரண்டாம் தடவை படிக்கும்போது அதற்காகவே நிற்போம்.

1954இல் தொடர் முடிந்தது. வாசகர்கள் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவருக்குக் கல்யாணம் ஆனதா என்று துளைத்தெடுத்தார்கள். கடைசியில் கல்கி ஒரு முடிவுரை எழுதி, சமூகக் கதையை முடிப்பது வேறு, சரித்திரக் கதையை முடிப்பது வேறு என்று வாசகர்களுக்குப் பொறுமையாக விளக்கம் சொன்னார். அந்த முடிவுரையைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். வாசகனை இவ்வளவு மதித்த எழுத்தை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். அதே வருஷம் டிசம்பர் 5 அன்று அவர் காலமானார்.

(திரையில்: காக்கி அட்டை போட்ட பழைய பைண்டு)

கடைசியாக இதைக் காட்டுகிறேன். எங்கள் வீட்டுப் பைண்டு. பத்திரிகையில் வாராவாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்து, மைதாப் பசை தடவி, சணல் நூலில் தைத்தது. இந்த ஓரத்தைப் பாருங்கள், மணியம் வரைந்த படத்தில் பாதி தையலுக்குள் போய்விட்டது. பின்பக்கத்தில் சோப்பு விளம்பரம். தெருவில் யார் யாருக்குக் கடன் போனது என்று பாட்டி உள் அட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். ஒரு அத்தியாயம் மட்டும் திரும்பி வரவே இல்லை!

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இன்றைக்குக் குறைந்த விலையிலேயே கிடைக்கிறது. ஐந்து பாகம் மலைப்பாக இருந்தால் 'பார்த்திபன் கனவு' எடுங்கள், ஒரே புத்தகம், மளமளவென்று போகும். உங்கள் வீட்டுப் பரணிலும் இந்த மாதிரிப் பைண்டு இருக்கிறதா? அம்மாப்பேட்டையோ, ஆத்தூரோ, ஏற்காடோ, எந்த ஊர், யார் தைத்தது என்று கீழே எழுதுங்கள். கரிகாலனைக் கொன்றது யார் என்ற உங்கள் தீர்ப்பையும் சேர்த்து எழுதுங்கள். அதை வைத்தே அடுத்த வீடியோ பண்ணுவோம்.