வெள்ளைச் சுவரைப் படமெடுப்பது

நேயர்களுக்கு வணக்கம். சீனத்தின் சுசோ நகரத்துப் பழந்தோட்டங்களை நெடுங்காலமாகப் படமெடுத்து வருபவன் என்பதால் என்னை அழைத்திருக்கிறார்கள். தோட்டம் என்றதும் பூக்களைப் பற்றிக் கேட்க ஆயத்தமாகியிருப்பீர்கள். நான் பேச வந்திருப்பது சுவர்களைப் பற்றி.

பதவியை விட்டு விலகிய அதிகாரிகளும் செல்வர்களும் நகரத்துக்குள்ளேயே, தங்கள் வீட்டை ஒட்டி அமைத்துக்கொண்ட தோட்டங்கள் இவை. குளத்துக்கும் பாறைக்கும் இருக்கும் இடம் மண்டபத்துக்கும் கூரை வேய்ந்த நடைவழிக்கும் சுவருக்கும் உண்டு. வாங் சியான்சென் என்ற அதிகாரி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த சுவோசெங் தோட்டம் ஐந்து ஹெக்டேருக்கு மேல் பரந்தது. வாங்ஷி என்னும் வலைஞர் தோட்டமோ வீட்டையும் சேர்த்து ஏறக்குறைய அரை ஹெக்டேர்தான். ஆனாலும் உள்ளே நடப்பவருக்கு அது சிறியதாகத் தோன்றாது. ஒரு சுவர் மறைத்ததை அடுத்த சுவரின் வட்ட வாசல் சிறிதளவே காட்டி, மேலும் நடக்க வைக்கிறது. எனவே முழுத் தோட்டத்தையும் ஒரே படத்தில் அடக்க முயல்வது வீண்வேலை. அகலக்கோண லென்ஸை மாட்டிக்கொண்டு நானும் அந்த வீண்வேலையைச் சில ஆண்டுகள் செய்தவன்தான்.

சுவருக்கு வருகிறேன். 17ஆம் நூற்றாண்டில் தோட்டக்கலையைப் பற்றி எழுதிய ஜி செங், வெள்ளைச் சுவரைத் தாளாகவும் அதன்முன் வைக்கும் கல்லை ஓவியமாகவும் கொள்ளச் சொல்கிறார். சுசோவில் இதைக் கண்ணாலேயே காணலாம்: சுண்ணாம்புச் சுவர், அதன்முன் துளைகள் நிறைந்த ஒரு தாய்ஹு ஏரிக்கல், பக்கத்தில் நான்கைந்து மூங்கில்கள், சுவரில் அவற்றின் நிழல். தாள் வெள்ளையாக இருந்தால்தானே ஓவியம் தெரியும்? என் முதல் பயணத்தில் பத்துச் சுருள் ஸ்லைடு பிலிம் எடுத்து வந்து கழுவிப் பார்த்தபோது, அத்தனை சுவர்களும் சாம்பல் பூசியதுபோல் இருந்தன. எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கேமராவின் ஒளிமானி கருதிக்கொள்ளும். வெள்ளைச் சுவரைக் காட்டினால் வெளிச்சம் மிகுதி என்று எண்ணிக் குறைத்துவிடும். ஆகவே அது சொல்வதைவிட ஒரு ஸ்டாப், சில நேரம் ஒன்றரை ஸ்டாப், கூட்டி வையுங்கள். ஒரு ஸ்டாப் கூட்டுவது என்றால் வெளிச்சத்தை இரு மடங்காக்குவது. கைப்பேசியாக இருந்தால் திரையில் சுவரைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்று மேலே தள்ளுங்கள். சுவர் வெள்ளையாக வரவேண்டும். மீண்டும் சொல்கிறேன், சுவர் வெள்ளையாக வரவேண்டும்.

சுவோசெங் தோட்டத்தில் விசிறி வடிவிலான ஒரு சிறு மண்டபம் இருக்கிறது. தரை விசிறி, மேசை விசிறி, பின்சுவரின் சாளரமும் விசிறி. அதன் பெயர் 'யாருடன் அமர்வேன்'. நிலவும் காற்றும் நானும் என்று கவிஞர் சூ ஷி பாடிய வரியிலிருந்து வந்த பெயர். அந்தச் சாளரம் வழியே, பின்னாலுள்ள மேட்டில் மூங்கில் தொப்பி போன்ற கூரையுடைய இன்னொரு மண்டபம் தெரியும் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். உள்ளே இருட்டு, வெளியே கண்ணைக் கூசும் வெயில்; உள்சுவர் தெரிந்தால் சாளரம் வெளுத்தது, சாளரம் தெரிந்தால் உள்சுவர் கறுத்தது. ஜூன் மாதம் என்பதால் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக வழியில்லாமல் நின்றிருந்த என்னைப் பார்த்து, துடைப்பத்தோடு உள்ளே ஒதுங்கிய முதியவர் ஒருவர் இருக்கையைத் தட்டிக்காட்டினார். உட்கார்ந்தேன். நின்றபோது சாளரத்தின் மேல்விளிம்பில் வெட்டுப்பட்டிருந்த அந்தக் கூரை, உட்கார்ந்ததும் முழுதாக நடுவில் வந்து நின்றது! மேகம் வெயிலைத் தணித்திருந்ததால் உள்ளும் புறமும் ஒரே படத்தில் அடங்கின. அமர்வதற்கென்று கட்டிய மண்டபத்தில் அன்றுவரை நான் அமர்ந்ததே இல்லை. அதன்பிறகு எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் உட்கார்ந்துவிட்டுத்தான் கேமராவை எடுக்கிறேன். எடுக்கும்போது அதை மேல்நோக்கிச் சாய்ப்பதில்லை. சாய்த்தால் தூண்களும் சுவர்களும் பின்னோக்கி விழுவதுபோல் ஆகிவிடும்.

அதே தோட்டத்தில் குளத்தின் கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால், தோட்டத்துக்கு வெளியே நகரத்தில் நிற்கும் வடகோயிலின் ஒன்பது அடுக்குக் கோபுரம் மரங்களுக்கு மேலே எழும். கடன் வாங்கிய காட்சி என்று இதற்குப் பெயர். அகலக்கோண லென்ஸில் அது தீக்குச்சியாகிவிடும். நீண்ட லென்ஸில்தான் தோட்டத்துக்குள் வந்து நிற்கும்.

நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். சாங்லாங் தோட்டத்தின் 108 பின்னல் சாளரங்களைப் பற்றித் தனியே ஒரு பகுதி வைத்திருந்தேன், அதற்கு இடமில்லை. ஒன்றைப்போல் இன்னொன்று இராது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். நீரில் விழும் பிம்பத்தை எடுக்கும்போது பளபளப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள், அது பிம்பத்தையே அழித்துவிடும். வலைஞர் தோட்டத்தில் குளக்கரை மண்டபத்துக்குள் நிலவைக் காட்டுவதற்காக ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள். அதற்கு நேரே நின்றால் படத்தில் நீங்கள்தான் இருப்பீர்கள், ஓரடி தள்ளி நில்லுங்கள். நன்றி, வணக்கம்.