ஆயிரம் பொன் பெறும் வெண்கல யானை

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் தந்த பள்ளித் தாளாளர் அவர்களே, மின்விசிறி ஓடாத மூலையிலும் பொறுமை காக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்குத் தனி நன்றி. இந்த வெயிலில் அதைக் கழற்றிவிட்டுப் பேச அனுமதிப்பார் என்று நம்புகிறேன்.

ஜப்பானிய வெண்கல விலங்குகளை எப்படி வார்த்தார்கள், எப்படி விற்றார்கள், எப்படிப் பாதுகாப்பது என்று மூன்று செய்திகள் பேசுவேன் என அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஜப்பானை மெய்ஜி பேரரசர் ஆண்ட காலத்து வெண்கல யானைக்கும் அது பொருந்தும். 1876-இல் சாமுராய் போர்வீரர்கள் பொது இடத்தில் வாள் அணியக் கூடாது என்று ஆணை வந்தது. வாளுக்குப் பிடியும் காப்பும் செய்து பிழைத்த உலோகக் கலைஞர்களின் அடுப்பு அணைந்தது. ஆனால் வித்தை தெரிந்த கை சும்மா இருக்குமா? ஒகிமோனோ எனப்படும் அலங்காரச் சிற்பங்கள் பக்கம் திரும்பியது. புலியோடு மல்லுக்கட்டும் யானை, நண்டு, பருந்து என்று கப்பலேறி ஐரோப்பிய வரவேற்பறைகளுக்குப் போயின.

1893, சிகாகோ. சுவாமி விவேகானந்தரை நினைத்துக் கைதட்டுகிறீர்கள், தட்டுங்கள்! அதே ஆண்டு, அதே ஊர்க் கண்காட்சியில்தான் ஜப்பானிய உலோகக் கலைஞர் சுசுகி சோக்கிச்சி வார்த்த பன்னிரண்டு பருந்துகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாவனை. அவை இன்று ஜப்பானின் கானசாவா நகரத்துத் தேசியக் கைவினை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இப்போது ஒரு நாய்க் கதை. தலைப்புக்குப் பொருந்துமா என்று தலைவர் பார்க்கிறார். பொருந்தும் ஐயா, அதுவும் வெண்கலம்தான். பேராசிரியர் உவேனோ 1925-இல் திடீரென இறந்துபோனார். அவர் வளர்த்த ஹாச்சிகோ, டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்துக்கு அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தது. ஏறக்குறைய பத்து வருஷம்! ஊரே உருகிப்போய் 1934-இல் வெண்கலச் சிலை வைத்தது. திறப்பு விழாவுக்கு யார் வந்தார் தெரியுமா? சாட்சாத் ஹாச்சிகோவே! தன் சிலைத் திறப்புக்குத் தானே வந்த பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? (நகர்மன்றத் தலைவர் சிரிக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை.) மறுவருஷம் நாய் செத்தது. பிறகு போர் வந்தது, உலோகம் வேண்டும் என்று சிலையைப் பெயர்த்து உருக்கிவிட்டார்கள். சிலை வடித்த சிற்பி ஆண்டோ டெருவும் 1945 விமானத் தாக்குதலில் மாண்டார். 1948-இல் அவர் மகன் தாகெஷி அதே நாயை மறுபடி வார்த்து நிறுத்தினார். இன்றைக்கும் அங்கே நிற்கிறது.

போர் உருக்கியது ஒருமுறை. நாம்? வெள்ளிக்கிழமைதோறும் புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்கிறோமே, அம்மா! எனக்கு வயிறு எரிவது இங்கேதான். செம்பில் சிறிது பொன் கலந்தால் ஷகுடோ என்னும் ஜப்பானியக் கலவை உலோகம். உருக்கி ஊற்றியதும் அது சாதாரணச் செம்பு மாதிரிதான் இருக்கும். செப்பு உப்பு கரைத்த நீரில் கொதிக்கவைத்தால்தான் மயில்கழுத்துக் கருநீலம் ஏறும். அந்த நிறம் மயிரிழையை விட மெல்லிய மேல்தோல். புளி பட்டால் முதலில் போவது அதுதான். யானை இருந்தாலும் ஆயிரம், இறந்தாலும் ஆயிரம். தேய்த்த யானைக்கோ எடைக்கு எடை பழைய இரும்புக்கடை விலை! உலர்ந்த பருத்தித் துணியால் தூசி தட்டினால் போதும். பளபளக்க வேண்டுமானால் குத்துவிளக்கைத் தேயுங்கள், யார் வேண்டாம் என்றது?

மணி அடித்துவிட்டார்கள். வார்ப்பு முறையை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். ‘பழைய வெண்கலத்தைப் புளி போட்டுத் தேய்க்க மாட்டேன்’ என்ற உறுதிமொழித் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு முதலில் சுண்டல். நன்றி, வணக்கம்.