கயிறு கைமாற்று

வணக்கம்.

கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம். கஷ்ட காலத்தில் அரசாங்கத்தின் கையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் தாங்கிக்கொள்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், இந்த விஷயத்தில் நானே ஒருமுறை தோற்றவன் என்பது ஞாபகம் வந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் என்ன செய்தது என்று நம் மாவட்டத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரப்பர் மரங்கள் நடுவில் முறிந்து கிடந்தன. ஏத்தன் வாழை, அதாவது நேந்திரன், தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தது. கம்பங்கள் விழுந்து கரண்டு போனது. திரும்பி வரப் பல நாள் ஆயிற்று.

எங்கள் வீட்டில் கிணறு உண்டு. ஆனால் அதற்குச் சில வருஷம் முன்பு கப்பியைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டவன் நான்தான். கிணற்று வாய்க்குக் கம்பி வலை, உள்ளே மோட்டார், மாடியில் தொட்டி, சுற்றிலும் மதில். யாரிடமும் எதற்கும் போய் நிற்கக் கூடாது என்பது என் கொள்கை. தற்சார்பு என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் தொட்டி காலி. மழை பெய்து கிணறு நிறைந்து கிடக்கிறது, எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிறது. எடுக்கக் கயிறு இல்லை. துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து வாளியில் கட்டி இறக்கினேன். பாதியில் அறுந்து வாளி உள்ளே போனது.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா. எழுபது வயதுக்கு மேல், தனியாக இருக்கிறார். அவருடைய தென்னை ஓலை எங்கள் பக்கம் விழுந்ததில் ஒரு தடவை வாய்ச்சண்டை. அப்புறம் பேச்சு குறைந்துவிட்டது. அவர் கிணற்றில் கப்பியும் தும்புக்கயிறும் பழையபடியே இருந்தன. காலையிலிருந்து அந்தக் கப்பி கிறீச்சிடுவது எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. போய்க் கேட்க வாய் வரவில்லை. கடைசியில் மதிலுக்கு மேலாக ஒரு கயிற்றுச் சுருள் வந்து விழுந்தது. பின்னாலேயே குரல்: "வாளி விழுந்த சத்தம் கேட்டுது தம்பி. பாதாளக்கரண்டியும் கிடக்கு, வேணுமா?"

கிணற்றில் விழுந்த வாளியைக் கொளுவி எடுக்கும் கொக்கி அது. பாதாளக்கரண்டி என்ற சொல்லைக் கேட்டே இருபது வருஷம் ஆகியிருக்கும்.

அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவைக் கவனித்தேன். வேறு வேலையும் இல்லை. எந்த வீடுகளுக்கு இடையே முன்பே குழம்புக் கிண்ணம் போய் வந்துகொண்டிருந்ததோ, அந்த வீடுகள் அதிகம் தடுமாறவில்லை. மிக்சி ஓடாது, அம்மி யார் வீட்டில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். ரோட்டில் கிடந்த மரத்தை அறுக்க மெஷின் யாரிடம் இருக்கிறது, வாடகை ஜெனரேட்டர் எங்கே வந்து நிற்கிறது, எல்லாம் தெரியும். சாய்ந்த வாழையில் முற்றாத ஏத்தங்காயை வெட்டி வீடு வீடாகக் கொடுத்தார்கள். நாலு நாளும் ஏத்தங்காய்த் துவரன்தான், பொரியல் மாதிரி. திண்டாடியவை என் வீடு மாதிரி வீடுகள். எல்லாம் இருந்தது, யாரையும் தெரியாது.

கணக்கு எழுதியவன் என்பதால் எனக்கு இப்படித்தான் யோசிக்க வருகிறது. நிவாரணம் என்றால் மனு, போட்டோ, பாஸ்புக் நகல், கையெழுத்து. பணம் வந்ததும் கணக்கு முடிந்தது. அதில் தப்பில்லை, அரசாங்கத்தின் கணக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். அக்கம்பக்கத்துக் கணக்கு வேறு. உழக்கு அரிசியைத் தலை தட்டி வாங்கிப் போனவர்கள் தலை குவித்துத் திருப்பித் தருவார்கள். கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒரு கொத்து முருங்கைக்கீரையாவது வைப்பார்கள். அதனால் யாராவது ஒருவர் எப்போதும் கொஞ்சம் கடன்பட்டிருப்பார். தணிக்கைக்கு வருகிறவர் பார்த்தால் மயங்கி விழுவார்.

மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நம் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய பயிர் அது. 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, நம் பக்கத்து ஏழை வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தக் கிழங்கால்தான். அதில் ஒரு விசேஷம். மண்ணுக்குள் இருக்கும்வரை கிழங்கு மாதக்கணக்கில் கெடாது. பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் கறுக்கத் தொடங்கும். ஒரு செடியை நாம் ஒரு மூடு என்போம். நல்ல மூடு ஒன்றைப் பிடுங்கினால் ஒரு வீட்டால் ஒரு வேளைக்குத் தின்று தீர்க்க முடியாது. அப்போது என்ன செய்வது? நாலு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் அவர்கள் பிடுங்கும்போது உங்களுக்கு வரும். என் அப்பா சொல்வார், அந்தக் காலத்தில் யார் வீட்டு மண்ணில் எத்தனை மூடு நிற்கிறது என்று தெருவுக்கே தெரியுமாம். பூட்டி வைக்க முடியாத பயிர் என்பதால் பூட்டி வைக்காத மனுஷர்களாக இருந்தார்கள். நல்ல குணம் என்று மட்டும் நான் இதைச் சொல்ல மாட்டேன். பாதி குணம், பாதி கிழங்கு.

பிடியரிசியும் அப்படித்தான். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோகும் வழக்கம் நம் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் எல்லாச் சாதியாருக்கும் ஒரே கிணறாக முத்திரிக்கிணற்றை வைத்தது இன்னும் பெரிய காரியம். சேர்ந்து தண்ணீர் இறைக்க முடியாதவர்கள் கஷ்ட காலத்தில் கயிறு மட்டும் எப்படிக் கேட்பார்கள்?

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்படிப் பேசுகிறவர்கள் பல பேர், அரசாங்கமே வேண்டாம் என்கிற மாதிரி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. ஒக்கியில் காணாமல் போனவர்களைத் தேடி நம் மீனவர்கள் தங்கள் படகிலேயே கடலுக்குப் போனார்கள். அதே மீனவர்கள்தான் டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்து, தேடுங்கள், தேடுங்கள் என்று கேட்டார்கள். அவர்களிடம் போய்த் தற்சார்பு என்று உபதேசிக்க எனக்கு நாக்கு இல்லை. ஆழ்கடலில் தேடக் கப்பலும் ஹெலிகாப்டரும் வேண்டும். அவற்றைப் பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்க முடியாது.

ஆனால் காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டப்படி ஏழு வருஷம் ஆக வேண்டும். அதைத் தளர்த்தி உதவி கொடுப்பதற்கும் கூட்டம், உத்தரவு என்று நாள் ஆகத்தான் செய்யும். அந்த வீட்டில் அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கஞ்சி வேண்டும். 2004 சுனாமியிலும் அதுதான் நடந்தது. மணக்குடிப் பாலமே அடித்துக்கொண்டு போன நாள் அது. கொட்டில்பாட்டிலிருந்தும் குளச்சலிலிருந்தும் உடுத்திய துணியோடு ஓடி வந்தவர்களுக்கு முதல் வேளைச் சோறு உத்தரவு போட்டு வரவில்லை.

சில வீடுகளில் இப்போது இன்வெர்ட்டர், இரண்டாவது தொட்டி, சோலார் என்று வாங்கி வைக்கிறார்கள். வாங்கட்டும், நானும் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறேன். கூடவே பக்கத்து வீட்டில் ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கியும் பழக வேண்டும். கொடுப்பது எல்லோருக்கும் பிடிக்கும், பெருமையாகவும் இருக்கும். கேட்பதுதான் கஷ்டம். என் போன்ற சம்பளக்காரர்களுக்கு இன்னும் கஷ்டம்.

எங்கள் கிணற்றில் இப்போது கப்பி மறுபடி மாட்டியாயிற்று. கயிறு வாங்கவில்லை. கரண்டு போனால் அக்கா வீட்டுக்குப் போகிறேன். எங்கள் வெட்டுக்கத்தி இரண்டு மாதமாக அவர் வீட்டில்தான் இருக்கிறது. அந்தத் தென்னை ஓலையை வெட்டத்தான் வாங்கிப் போனார், இன்னும் வெட்டவில்லை.

நன்றி, வணக்கம்.