28 வயதுக்காரர் ஏன் ஆறாம் வகுப்புப் புத்தகம் வாங்குகிறார்? பாடநூல் கழகம் மறந்துபோன முதல் வேலை!

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தை அடிக்கோடு போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார். வயது எப்படியும் 28 இருக்கும். பாவம், இன்னும் ஆறாவது தாண்டவில்லையா என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் குரூப் 4-க்குப் படிக்கிறார். தமிழ்நாட்டில் அரசு வேலைக்குப் போகும் வழி ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் மறுபடி தொடங்குகிறது என்பது டிஎன்பிஎஸ்சி எழுதிய எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் புத்தகத்தை வெளியிடுவது தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பேருந்து அடுத்த நிறுத்தத்துக்கே போய்விடும். எனக்கு வியப்பாக இருந்தது வேறு ஒன்று. இந்த நிறுவனத்தைத் தொடங்கியபோது மனத்தில் இருந்தது ஆறாம் வகுப்பே இல்லை. கல்லூரி!

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கொட்டாவி விடாதீர்கள். 1970-இல் ஒரு சங்கமாகப் பதிவு. 1993-இல் அரசு நிறுவனம். 2013 வாக்கில் பெயரோடு 'கல்வியியல் பணிகள்' ஒட்டிக்கொண்டது. இருப்பிடம் சென்னை கல்லூரிச் சாலை, எல்லோரும் டி.பி.ஐ. என்று சொல்கிற வளாகம். 2022 முதல் அதற்குப் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர். ஆட்டோக்காரருக்கு இன்றும் டி.பி.ஐ.தான். சரி, முடிந்தது.

இப்போது எனக்குப் பிடித்த இடம். 1960-களின் கடைசியில் மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது. கல்லூரிப் படிப்பைத் தாய்மொழியில் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் புத்தகம் வேண்டும், அதற்காக ஒவ்வொரு மாநிலத்துக்கும் 1 கோடி ரூபாய். அந்தக் காலத்து ஒரு கோடி! அதை வைத்துப் பல மாநிலங்களில் நிறுவனங்கள் பிறந்தன. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. 1968-இல் திருவனந்தபுரத்தில் கேரள பாஷா இன்ஸ்டிட்யூட், அதே ஆண்டு ஐதராபாத்தில் தெலுங்கு அகாடமி. நம் வீட்டில் 1970-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம்.

ஒரே வயிற்றில் பிறந்தாலும் பிள்ளைகள் வேறு வேறு ஆளாகத்தானே வளர்வார்கள்? கேரளத்துப் பிள்ளை படிப்பாளி. அது இன்றும் மலையாளத்தில் அறிவுத்துறை நூல்களைப் போட்டுக்கொண்டிருக்கிறது. பள்ளிப் புத்தகம் அச்சடிக்கும் தலைவலி அதற்குக் கிடையாது, கொச்சி காக்கநாட்டில் அந்த வேலைக்கென்றே தனி அச்சகம் இருக்கிறது. தெலுங்குப் பிள்ளையின் கதை சினிமா. அதைத் தொடங்கி வைத்தவர் அப்போது ஆந்திரத்தின் கல்வி அமைச்சராக இருந்த பி.வி.நரசிம்ம ராவ். ஆமாம், பின்னாளில் பிரதமரான அதே ராவ். இன்டர்மீடியட், அதாவது நம் 11, 12 வகுப்புப் புத்தகங்களும் பட்டப்படிப்புப் புத்தகங்களும் போட்டு அது பெயர் வாங்கியது. அங்கே குரூப் தேர்வு எழுதுகிறவர்கள் "அகாடமி புக் படிச்சியா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். நம் ஊர் சமச்சீர் புத்தகம் மாதிரி. அப்புறம் 2014-இல் மாநிலம் இரண்டானது. அகாடமியின் சொத்துப் பங்கீடு நீதிமன்றம் வரை போனது. 2021-இல் ஆந்திர அரசு தன் பங்குக்கு அதன் பெயரைத் தெலுங்கு-சமஸ்கிருத அகாடமி என்று மாற்ற, அதற்கும் ஒரு சண்டை. பங்காளித் தகராறு இல்லாத குடும்பம் எது?

நம் பிள்ளை? வீட்டு வேலை எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்ட பிள்ளை. ஆரம்பத்தில் இயற்பியல், தாவரவியல், உளவியல், பொருளியல் என்று நூற்றுக்கணக்கான கல்லூரி நூல்கள் தமிழில் வந்தன. ஆனால் அறிவியலைத் தமிழில் படிக்கக் கல்லூரிக்கு வந்தவர்கள் குறைவு. வேலை கேட்டுப் போகும் இடத்தில் ஆங்கிலம்தானே கேட்டார்கள்? வாங்க ஆள் இல்லாத புத்தகங்கள் நூலக அலமாரியில் தூங்கின. பள்ளிப் புத்தகம் அப்படி இல்லை, ஒவ்வோர் ஆண்டும் கோடிக்கணக்கில் தேவை. எது அவசரமோ அதுதான் முழுநேர வேலையாகும். என் அளவில், நாம் இழந்தது அங்கேதான்.

இடையில் ஒன்று. புத்தகத்தில் பிழை வந்தால் எல்லோரும் பாடநூல் கழகத்தைத் திட்டுகிறோம். பாடத்தை எழுதித் தருவது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். கழகம் அச்சடித்து ஊர் ஊராகச் சேர்க்கிறது. சமையல்காரர் உப்பு மறந்ததற்குப் பரிமாறுகிறவர் வாங்கிக் கட்டிக்கொள்வது போலத்தான். திட்டுவதென்றால் முகவரி பார்த்துத் திட்டுங்கள்.

பரிமாறுகிறவர் நிஜமாகவே மாட்டிக்கொண்ட ஆண்டு 2011. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காக இருந்ததை ஒன்றாக்கும் சமச்சீர் கல்விச் சட்டம் 2010-இல் வந்தது. முதல் ஆண்டு 1, 6 வகுப்புகளுக்கு, அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கு. புத்தகங்கள் அச்சாகித் தயாராக இருக்கும்போது, மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசு திட்டத்தை நிறுத்தியது. வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று நடக்க, ஜூன் போய் ஜூலையும் போய்விட்டது. மாணவர்கள் புத்தகமே இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். பாதிப் பேருக்கு அது பொற்காலம், நான் யாரையும் சொல்லவில்லை. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சமச்சீர்தான் என்று சொன்னது.

அப்புறம் வந்தது ஸ்டிக்கர். பழைய ஆட்சியை நினைவூட்டும் பகுதிகளின் மேல் தாள் ஒட்டியும் மை பூசியும் மறைத்த பிறகுதான் புத்தகம் பிள்ளைகள் கைக்கு வந்தது. விளைவு என்ன? எந்தப் பாடத்தையும் ஆர்வமாகப் படிக்காத வகுப்பு, ஸ்டிக்கருக்குக் கீழே இருந்ததை மட்டும் எழுத்து விடாமல் படித்தது. நகத்தால் சுரண்டினோம், எச்சில் தொட்டு உரித்தோம். கடைசி பெஞ்சு விஞ்ஞானி ஒருவன் கண்டுபிடித்த வழிதான் சிறந்தது: பக்கத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் எழுத்து தெரியும். சூரியனை மறைக்க ஒட்டியதைச் சூரியனே காட்டிக்கொடுத்தது! அந்த அரசியல் நகைச்சுவை அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

பெயரில் சேர்ந்த 'கல்வியியல் பணிகள்' என்றால் என்ன தெரியுமா? புத்தகப்பை, வண்ணப் பென்சில், ஜியாமெட்ரி பாக்ஸ், நிலவரைபட நூல், காலணி. அரசு விலையில்லாமல் கொடுக்கும் இவற்றைக் கொள்முதல் செய்வதும் இந்தக் கழகம்தான். புத்தகம் போடுகிற ஆளிடம் போய்ச் செருப்பு கேட்டால் என்ன ஆகும், யோசியுங்கள். ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகம் குமரியிலிருந்து திருவள்ளூர் வரை ஒரே அளவு. காலணி அப்படியா? ஒரே வகுப்பில் எத்தனை அளவு! போதாக்குறைக்கு, அளவெடுத்த கால் காலணி வந்து சேரும் வரை வளராமல் காத்திருக்காது. புத்தகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, பிள்ளை வளர்ந்தால் அடுத்த வகுப்புக்குப் போய்விடும்.

இன்னொரு குட்டி ஆச்சரியம். பாடநூல்களுக்குத் தாள் கொடுக்கும் ஆலைகளில் ஒன்று கரூர் பக்கம் காகிதபுரத்தில் உள்ள அரசின் டி.என்.பி.எல். அங்கே முக்கிய மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைக்கு அடுப்பெரிக்க நிலக்கரி போன்ற மாற்று ஏற்பாட்டைச் செய்து கொடுத்துவிட்டுச் சக்கையை வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் கணக்குப் புத்தகம் ஒரு காலத்தில் இனித்திருக்கலாம். நம்ப முடியவில்லை, இல்லையா?

2018-இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதுப் புத்தகங்கள் வந்தன, அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கு. வண்ணம், கனமான தாள், பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு. 2019-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தக அட்டையில் பாரதியின் தலைப்பாகை காவி நிறத்தில் வந்து தனிப் புயல் அடித்தது. உள்ளே இருக்கும் கவிதையை அத்தனை பேர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

அந்தக் காலகட்டத்தில்தான் கழகத்துக்குத் தன் முதல் வேலை நினைவுக்கு வந்தது. அலமாரியில் தூங்கிய பழைய கல்லூரி நூல்களைத் தேடி எடுத்து மறுபதிப்புப் போட ஆரம்பித்தார்கள். பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நீங்களே படிக்கலாம். 2021-க்குப் பிறகு 'திசைதோறும் திராவிடம்' திட்டத்தில் தமிழ் நூல்கள் பிற மொழிகளுக்குப் போகின்றன. சிறுவர்களுக்கு 'இளந்தளிர்' வரிசை. 2023-இல் மருத்துவப் பாடநூல்களின் தமிழாக்கமும் வந்தது. "தமிழில் படித்துவிட்டு ஊசி போடுவார்களா?" என்று கிண்டல் செய்தவர்களைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் வகுப்பைக் கேட்டுவிட்டு, இரவு விடுதியில் தமிழில் ஒருமுறை படித்து "ஓ, இதுதானா!" என்று நிமிர்கிற மாணவியை அவர்கள் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அந்தப் பழைய கல்லூரிப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா? அட்டை போயிருந்தாலும் பரவாயில்லை. கடைசிப் பக்கங்களில் கலைச்சொல் பட்டியல் இருக்கும், அதை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்ப்போம்.